வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்: கொழுப்புக் கல்லீரலை அறிவோம்

“நான் குடிப்பதே இல்லையே, எனக்கு எப்படி லிவரில் கோளாறு?” ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர்’ என்று கண்டதும் பலரும் கேட்பது இதுதான். மதுவைத் தொடாதவருக்கும் இந்த நோய் வரும். பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும்.

கொழுப்பு எப்படிச் சேர்கிறது?

கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் காரணமல்ல. உழைப்புக்கு மிஞ்சி உண்ணும் சோறு, பாவ், இனிப்பு எல்லாவற்றையும் கல்லீரல் கொழுப்பாக்கிவிடும். சிலருக்கு இது அழற்சியாகி, தழும்பாகி, கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் வரை போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம்.

இடுப்பை அளந்து பாருங்கள்

மும்பையில், தாராவியில் தையல் மெஷின் முன்னும், மாட்டுங்காவில் கடைக் கல்லாவிலும், செம்பூரில் கணினி முன்னும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். நடுவே நாலைந்து கட்டிங் சாய், ஒரு வடாபாவ். ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பளவு எச்சரிக்கை.

என்ன பரிசோதனை?

ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம் சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். வயிற்று அல்ட்ராசவுண்ட் கொழுப்பைக் காட்டும். வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு தழும்பின் அபாயத்தை மருத்துவர் கணிப்பார். தேவைப்பட்டால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதுவார். 2021இல் இந்திய அரசு தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்நோயையும் சேர்த்தது. தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறப் போகும்போதே லிவரைப் பற்றியும் கேளுங்கள்.

எடை குறைந்தால் கொழுப்பு கரையும்

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு முதல் இலக்கு 4 கிலோதான். சாயில் சர்க்கரையை விடுங்கள். குளிர்பானம் வேண்டாம். தட்டில் சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மாட்டுங்காவாசிகளுக்கு நடக்க ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா இருக்கிறது.

‘லிவரைச் சுத்தம் செய்யும்’ பொடிகளை நம்பாதீர்கள். கோவிட் காலத்தில் சீந்தில் என்ற மூலிகையைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்களே 2021இல் பதிவு செய்தார்கள். எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் இந்த நோயைப் பின்னுக்குத் தள்ள முடியும். அதற்கான முதல் செலவு ஓர் அளவு நாடாதான்.