கோர்மா முதல் ஃபால் வரை: பிரிட்டனின் பார்சல் கறியும் காரமும்

பிரிட்டனின் இந்திய உணவகங்களில் பார்சல் சொல்பவர்கள் காரத்தைத் தனியாகக் குறிப்பிடுவது குறைவு. கறியின் பெயரிலேயே கார அளவும் அடங்கிவிடுகிறது. கோர்மாவில் காரம் அநேகமாக இருக்காது. மெட்ராஸ் நன்றாக உறைக்கும். விண்டலூ அதற்கும் மேலே. ஃபால் பந்தயம் கட்டிச் சாப்பிடுகிற வகை. ‘தன்சாக், மெட்ராஸ் காரத்தில்’ என்று, பார்சிகளின் பருப்புக் கறிக்குச் சென்னையின் பழைய பெயரை அளவாக வைத்துக் கேட்பவர்களும் அங்கே உண்டு.

இந்த வழக்கத்தின் வேர் சமையலறையில் இருக்கிறது. 1810இல் லண்டனில் சேக் தீன் முகமது தொடங்கிய உணவகமும், 1926இல் திறக்கப்பட்ட வீராசாமி உணவகமும் வசதியானவர்களை நம்பி நடந்தவை. தெருவுக்குத் தெரு கறிக்கடைகள் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். நீளமான உணவுப் பட்டியலைக் குறைந்த ஆட்களோடு சமாளிக்க அவர்கள் கைக்கொண்ட வழி, ‘பேஸ் கிரேவி’. மூட்டைக்கணக்கில் வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தக்காளியோடு குழைய வேகவைத்து அரைத்துப் பெரிய பாத்திரத்தில் வைத்துவிடுவார்கள். அதில் காரம் அவ்வளவாக இருக்காது. ஆர்டர் வந்ததும் சூடான வாணலியில் எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, மசாலாத்தூள், மிளகாய்த்தூள், மேலே இரண்டு கரண்டி கிரேவி, முன்பே வேகவைத்த கோழி அல்லது ஆட்டுக்கறி. பத்து நிமிடத்துக்குள் பார்சல் தயார்.

மிளகாய்த்தூள் கடைசிக் கட்டத்தில் விழுவதால், காரத்தைக் கூட்டவும் குறைக்கவும் சமையல்காரருக்குச் சிரமமில்லை. ஆனால் டிக்கா, தந்தூரி வகைகளில் இது நடக்காது. அவற்றின் இறைச்சி முன்கூட்டியே மசாலாவில் ஊறியிருக்கும்.

பெயர்களை வைத்து ஊர்ச் சுவையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அங்குள்ள மெட்ராஸ் கறி, தக்காளியும் எலுமிச்சைச் சாறும் மிளகாய்த்தூளும் சேர்ந்த ஒரு சிவப்புக் குழம்பு. கறிவேப்பிலையும் கடுகுத் தாளிப்பும் பெரும்பாலும் இருக்காது. சென்னைவாசி அதை அடையாளம் கண்டுகொள்வது கடினம். கோவாவின் விண்டலூ, போர்ச்சுகீசியர் வழியாக வந்த, வினிகரும் பூண்டும் தூக்கலான பன்றிக்கறி. பிரிட்டனில் அது புளிப்பைக் குறைத்து, உருளைக்கிழங்கைச் சேர்த்துக்கொண்டு, வெறும் காரத்தின் பெயராகிவிட்டது. ஃபாலுக்கு இந்தியாவில் ஊரே கிடையாது. அது பிரிட்டனின் வங்கதேசச் சமையல்காரர்கள் உருவாக்கியது.

பட்டியலில் அச்சிட்டிருக்கும் மிளகாய்ப் படங்களுக்கும் பொது அளவு எதுவும் இல்லை. ஒரு கடையின் இரண்டு மிளகாய் இன்னொரு கடையில் மூன்றாக இருக்கலாம். புதிய கடையில் முதல்முறை வாங்கும்போது, வழக்கத்தைவிட ஒரு படி குறைத்துச் சொல்லி, நறுக்கிய பச்சை மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

வாங்கிவந்த கறி தாங்க முடியாமல் உறைத்தால் தண்ணீர் உதவாது. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின், தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பால், தயிரிலுள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும். அதனால் ராய்த்தாவோ லஸ்ஸியோ சேர்த்து ஆர்டர் செய்வது பயனுள்ளது. பலரும் நம்புகிற பீர், பெரும்பகுதி தண்ணீர்தான். நாக்கில் சூட்டை உணர்கிற அதே ஏற்பிதான் கேப்சைசினையும் உணர்கிறது என்பதால், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் காரம் இன்னும் கூடுதலாகத் தெரியும். சற்று ஆறவிட்டு, தேங்காய்ப்பாலோ கிரீமோ கலந்தால் கறி தணியும். தயிர் சேர்ப்பதென்றால் அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும்; இல்லையேல் திரிந்துவிடும்.

காரம் குறைந்தது எல்லோருக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. கோர்மாவில் பாதாம், முந்திரி, கிரீம் சேர்வதுண்டு. கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்கு விண்டலூவைவிட அதுவே ஆபத்தாகலாம். பிரிட்டனின் சட்டப்படி பால், கொட்டைகள், நிலக்கடலை, கடுகு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கடைக்காரர் தகவல் தர வேண்டும். தொலைபேசியிலோ செயலியிலோ ஆர்டர் செய்தால், வாங்குவதை உறுதி செய்யும் முன்பு ஒருமுறையும் பார்சல் கைக்கு வரும்போது ஒருமுறையும் அந்தத் தகவல் கிடைக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் கார அளவைச் சொல்வதற்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும்.