அமெச்சூர் வானொலியில் இருப்பிடச் செய்தி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

என் தந்தையார் லாரி ஓட்டுநர். வீட்டில் தொலைபேசி இல்லாத அந்நாளில், வடக்கே சரக்கு ஏற்றிச் சென்றவர் எங்கிருக்கிறார் என்பதை எதிரே வந்த ஓட்டுநர்கள்தாம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்களாம். "அண்ணி, அண்ணனை நாக்பூரில் பார்த்தேன்" என்பார் ஒருவர். "என்றைக்கு?" என்று அம்மா கேட்பார். ஒருமுறை அந்தச் சாலையில் விபத்து என்று செய்தி வந்தபோது, அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாக உண்ணவில்லை என்று பாட்டி சொல்வார்.

ஏ.பி.ஆர்.எஸ். என்னும் வானொலி முறையைப் பற்றிப் படித்தபோது அம்மாவின் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இம்முறையை உருவாக்கியவர் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றிய பாப் புரூனிங்கா. கடற்படையின் இருப்பிடச் செய்திகளை வரைபடத்தில் குறிப்பதற்காக 1982இல் ஆப்பிள் கணிப்பொறியில் ஒரு நிரல் எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 100 மைல் தொலைவு ஓடும் குதிரைப் பந்தயத்தில் குதிரைகளின் நிலையை அறிய அதை விரிவாக்கினார். (அறிவியல் சில வேளைகளில் குதிரை ஏறியும் வருகிறது!) பின்னர் ஜி.பி.எஸ். கருவியும் இதனுடன் சேர்ந்தது. அவர் 2022இல் காலமானார்.

இது இயங்கும் விதம் எளியது. வண்டியில் உள்ள ஜி.பி.எஸ். கருவி அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கண்டு சொல்லும். அவற்றுடன் நிலையத்தின் அழைப்புக் குறியும், வேகமும் திசையும் சேர்ந்து ஒரு சிறு பொட்டலமாகும். அது 1200, 2200 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகளாக மாறி, நொடிக்கு 1200 பிட் வேகத்தில் ஒலிபரப்பாகும். காதுக்கு அது ஒரு "கிர்ர்" ஓசை மட்டுமே. சாதாரண வடிவில் இருப்பிடம் ஒரு கலையின் நூறில் ஒரு பங்கு வரை எழுதப்படும். அட்சரேகையில் ஒரு கலை 1852 மீட்டர். ஆகவே நுட்பம் ஏறக்குறைய 18 மீட்டர்.

வட அமெரிக்காவில் எல்லோரும் 144.390 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறார்கள், ஐரோப்பாவில் 144.800. ஒரே அலைவரிசை என்பதால் இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் செய்தி சிதையும். மலைமேல் உள்ள அஞ்சல் நிலையங்கள் கேட்டதைத் திரும்பச் சொல்கின்றன. ஒரே செய்தி முடிவின்றிச் சுற்றாதிருக்க அதனுடன் ஓர் எண் செல்கிறது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் அது ஒன்று குறையும், சுழியானால் அஞ்சல் நிற்கும். சற்றுமுன் சொன்ன செய்தியையே மறுபடி கேட்டால் அஞ்சல் நிலையம் அதை விட்டுவிடும். என் தந்தையைப் பற்றிய ஒரே செய்தியை மூன்று ஓட்டுநர்கள் மூன்று நாளில் சொன்னபோது எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு இல்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். இருப்பிடச் செய்திக்கு "கிடைத்தது" என்ற பதில் வருவதில்லை. அனுப்பியவர் அனுப்பிவிட்டுப் போகிறார், கேட்டவர் கேட்டார். வண்டி பள்ளத்தாக்கில் இறங்கி மறைந்தால், வரைபடத்தில் புள்ளி மலைமுகட்டிலேயே நிற்கும். பார்ப்பவர் அதை வண்டி என்று எண்ணிவிடுவார். உண்மையில் அது வண்டியின் குரல் கடைசியாகக் கேட்ட இடம். வேகமும் திசையும் தெரிவதால் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 60 கி.மீ. வேகத்தில் பத்து நிமிடமென்றால் 10 கி.மீ. ஆனால் சாலை வளைந்திருந்தால்? மீட்புக் குழுவை அனுப்புகிறவர் புள்ளியைப் பார்க்குமுன் அது வந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். புரூனிங்காவும் இதை வெறும் வண்டி தேடும் கருவியாகக் கருதவில்லை. சுற்றிலும் உள்ளவர்கள் அந்தந்த நேரத்துச் செய்தியை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளவே இதை வைத்தார்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்தும் 145.825 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய அஞ்சல் நடந்திருக்கிறது. அது நம் வானத்தைக் கடக்க அதிகம் போனால் ஏறக்குறையப் பத்து நிமிடமே ஆகும். நம் நாட்டில் அமெச்சூர் நிலையம் நடத்தத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். நான் அதற்குப் படித்து வருகிறேன். உடன் படிக்க விரும்பும் நண்பர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் என்னைக் காணலாம்.