பழைய வெள்ளி ரூபாயா? ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்

வெள்ளி விலை ஏறத் தொடங்கினால் போதும், பீரோவின் அடித்தட்டில் கிடந்த விக்டோரியா ரூபாய்கள் கடைவீதிக்கு வந்துவிடும். விற்க வருகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, செய்கூலி சேதாரம் இல்லாமல் வெள்ளி சேர்க்கலாம் என்று அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் பெருகுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். கொலுசிலும் குத்துவிளக்கிலும் போடும் பணத்தில் ஒரு பங்கு கூலியாகவே போய்விடுகிறது. ஆனால் ‘பழைய வெள்ளி ரூபாய்’ என்ற ஒரே பெயரில் முக்கால் பங்குக்கும் மேல் வெள்ளி உள்ளதும், பாதி மட்டுமே வெள்ளி உள்ளதும், வெள்ளியே இல்லாததும் கைமாறுகின்றன. மூன்றும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே கனக்கும். வித்தியாசத்தைச் சொல்வது நாணயத்தில் பொறித்திருக்கும் ஆண்டு.

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே அளவு ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. கடைக்காரர்கள் 91.6 டச் என்பார்கள். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினாலும் இந்தத் தரம் 1939 வரை மாறவில்லை. தேயாத ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அந்த ஆண்டு முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 50 சதவீதம் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடை அதே 11.66 கிராம்தான். சுத்த வெள்ளியோ 5.83 கிராம் மட்டும். இந்த ரூபாயின் விளிம்பில் நெடுக ஒரு பள்ளக்கோடு ஓடும். அதற்கு முந்தைய ரூபாய்களில் அது கிடையாது. 1947-ல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி இருக்கும், காந்தம் சட்டென்று இழுக்கும். அதையும் வெள்ளி என்று சொல்லி விற்கிறார்கள்.

கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1918-ம் ஆண்டு ரூபாயில் உள்ள வெள்ளியின் மதிப்பு 1,069 ரூபாய். 1944-ம் ஆண்டு ரூபாயில் 583 ரூபாய். இரண்டையும் ஒரே தராசில் கொட்டி, ஒரே விலை போட்டு வாங்குகிறவர் ஒவ்வொரு அரை வெள்ளி ரூபாயிலும் கிட்டத்தட்ட பாதிப் பணத்தை இழக்கிறார். பாதி விலைக்கே கொடுத்தாலும் 1940 முதல் 1945 வரையானதை ஒதுக்கிவிடுவதுதான் என் யோசனை. திருப்பி விற்கப் போனால், உருக்கிச் சுத்தம் செய்யும் கழிவைக் காரணம் காட்டி விலையைக் குறைப்பார்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? எட்வர்டு ரூபாய்களும், 1912 முதல் 1920 வரையான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களும் போதும். கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை, எங்கும் கிடைப்பவை, எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்தவை. கொஞ்சம் தேய்ந்திருந்தால் இன்னும் நல்லது. அழகுக்காகக் கூடுதல் விலை கேட்க மாட்டார்கள். எண்ணிக்கைக்கு விலை பேசாமல் எடைக்குப் பேசினால் தேய்மானம் உங்கள் தலையில் விழாது. 11.40 கிராம் இருந்தால் அதை 0.9167-ஆல் பெருக்குங்கள், 10.45 கிராம் வெள்ளிக்கு மட்டும் பணம் கொடுங்கள். மாலையில் கோக்கக் காது வைத்த காசானால் பற்றவைப்பின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

உலோக விலைக்கு வாங்குகிறவருக்கு ‘அபூர்வம்’ என்ற சொல்லால் ஒரு பயனும் இல்லை. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயை அபூர்வம் என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்பவர்கள் உண்டு. அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே பல வருடங்கள் அடித்தார்கள். அது ஏராளமாக இருக்கிறது. உண்மையிலேயே அரிதான 1939 ரூபாய்க்குப் போலிகள் அதிகம். 1911 ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. பெரும்பகுதியை அரசே உருக்கிவிட்டது. இவை சேகரிப்பாளர்களின் களம். அனுபவமில்லாமல் அங்கே போக வேண்டாம்.

பாட்டி வைத்துப்போன ரூபாய்களை விற்க வருகிறவர்கள் இதையே திருப்பிப் பார்க்க வேண்டும். மொத்தமாகத் தராசில் கொட்டுவதற்கு முன், ஒவ்வொன்றின் ஆண்டையும் படியுங்கள். 1911, 1939, நான்காம் வில்லியம் தலை போட்டவை இருந்தால் தனியே எடுத்துவைத்து, நாணயச் சேகரிப்பாளர் ஒருவரிடமாவது காட்டிவிட்டு முடிவெடுங்கள். புளி போட்டோ பல்பொடி போட்டோ தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். சேகரிப்பாளர் தரும் விலை அதிலேயே சரிந்துவிடும். 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயும் சில வீடுகளில் இருக்கும். 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி; வாங்கவும் ஏற்றதுதான். 1972-ல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த பத்து ரூபாய் அதைவிடப் பெரியது, 22.5 கிராம். ஆனால் அதில் பாதிதான் வெள்ளி.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு வேண்டும். முதலில் நாணயத்தை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, தம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.6 டச் ரூபாயானால் தராசு 1.13 கிராமை ஒட்டிக் காட்டும். அரை வெள்ளிக்கு 1.22 அளவில் வரும். ஜெர்மன் சில்வரில் செய்த போலி 1.34-ஐ நெருங்கும். கடைகளில் வைத்திருக்கும் சோதனைக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். கனமாக வெள்ளி முலாம் பூசியதை அது நல்ல வெள்ளி என்று காட்டக்கூடும். தண்ணீர்ச் சோதனையில் அந்த முலாம் எடுபடாது.

கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். ‘பழைய நாணயம் 10’ என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் உதவாது. ஆண்டு, எண்ணிக்கை, மொத்த எடை, வெள்ளியின் தரம், கிராம் விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். தரத்தை எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். தராசில் எடையளவு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் உரிமை. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

ஏமாந்துவிட்டால் முதலில் கடைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வாங்கியவருக்கு இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியவருக்கும் அப்படித்தான். அங்கே மோசடிக்குக் காவல் நிலையம்தான் போக வேண்டும்.

கைபேசியில் வரும் வலை வேறு மாதிரி. ‘உங்களிடம் உள்ள பழைய நாணயத்துக்குப் பல லட்சம் தருகிறோம்’ என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டுவார்கள். ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதை நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கும்.

‘அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது, மலிவாகத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். பெரும்பாலும் அது போலி. உண்மையாக இருந்தாலும், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்ததை ஆட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டும். மறைத்து விற்பதை வாங்கினால் நீங்களும் வழக்கில் சிக்கலாம். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவோ அனுப்பவோ தடை உண்டு. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகளுக்கு ஆசையாகப் பெட்டியில் வைத்து அனுப்பும் எட்வர்டு ரூபாய்களைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். அவளுக்குக் கொடுக்க விரும்பினால் இங்கேயே அவள் பெயருக்குப் பட்டியல் எழுதி, லாக்கரில் வையுங்கள்.