இரவுக் காவலுக்கு ஏற்ற கைவிளக்கு

மாத்தளை மாவட்டத்துக் கமக்காரருக்குப் பொழுது சாய்வதோடு வேலை ஓய்ந்துவிடுவதில்லை. பெரும்போக நெல் முற்றும் மாசி, பங்குனித் திங்கள்களில் கலேவெல, தம்புள்ள, நாவுல, வில்கமுவ ஆகிய பகுதிகளின் காட்டோர வயல்களில் ஆடவர் காவற்பரணிலேயே இரவைக் கழிப்பர். சிறுபோகத்திற் பெரிய வெங்காயம் பிடுங்கிக் கொட்டிலிற் சேர்த்த பின்னரும் காவல் தொடரும். உக்குவெல, இறத்தோட்டைப் பக்கங்களில் மிளகு முற்றியதும் கொடிக்குக் காவல் வேண்டும். நீர்முறை நள்ளிரவில் வருமாயின் மண்வெட்டியைத் தோளிற் போட்டுக்கொண்டு வரம்பு வழியே நடந்தேயாக வேண்டும். இவ்வேலைகள் அனைத்துக்கும் உடன் செல்லும் கருவி ஒன்று உண்டு. கலப்பையையும் தெளிகருவியையும் பற்றி நாம் பேசுமளவுக்கு அதனைப் பற்றிப் பேசுவதில்லை. அது டோர்ச் எனப்படும் கைவிளக்கேயாம்.

இஃது அற்ப விடயமன்று. 2019 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் மனிதருக்கும் யானைக்கும் இடையிலான மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். எதிரே நிற்பது புதரா, யானையா என்பதைப் பத்தடி முன்னதாக அறிவதற்கும் பின்னதாக அறிவதற்கும் உள்ள வேறுபாடு உயிரின் விலையாகும்.

முன்னாளிற் குப்பி விளக்கே வீட்டுக்கும் கொட்டிலுக்கும் ஒளி தந்தது. காற்றுக்கு அணைவதும், தட்டுண்டு கவிழ்ந்து தீ மூட்டுவதும் அதன் குறைகள். தீக்காயம்பட்டோருக்குச் சிகிச்சையளித்த சத்திரவைத்தியர் விஜய கொடகும்புர அவர்கள், கவிழாத குட்டையான கண்ணாடி விளக்கொன்றைத் திருகு மூடியுடன் அமைத்து நாடெங்கும் பரப்பினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். வீட்டினுள் அவ்விளக்கு பல உயிர்களைக் காத்தது. ஆனால் வரப்பிலே நடப்பவனுக்கு அது உதவாது. அவனுக்கு உதவியது மின்கலத்தில் எரியும் கைவிளக்கு. அதற்கான உரிமைச்சான்று டேவிட் மிசெல் என்பாருக்கு அமெரிக்காவில் 1899 சனவரியில் வழங்கப்பட்டது. அன்று தொட்டு நூறாண்டு காலம் அதன் உள்ளமைப்பு பெரிதும் மாறவில்லை: தகரக் குழாய், பெரிய மின்கலம் இரண்டு அல்லது மூன்று, மெல்லிய இழையுடைய குமிழ். இரு மின்கல விளக்கின் குமிழ் தந்த ஒளி 10 லூமன் அளவினதே. கீழே ஒருமுறை விழுந்தால் இழை அறுந்துவிடும்.

இன்று இழை இல்லை. எல்.ஈ.டி. என்று கடைகளில் வழங்கும் ஒளிகாலும் இருவாயி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளியைத் தரும் இருவாயியை 1962 இல் நிக் ஹொலொன்யாக் ஆக்கினார். நீல ஒளி கிடைப்பதற்கு மேலும் முப்பதாண்டு ஆயிற்று. அதனைக் கண்ட அகசாக்கி, அமனோ, நகமுரா ஆகிய மூவரும் 2014 இற் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்றனர். நீல இருவாயியின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் நாம் காணும் வெண்ணொளி உண்டாகும். உடையக்கூடிய இழையோ கண்ணாடிக் குமிழோ இன்மையால், விரலளவான அலுமினியக் குழாயொன்று பழைய மூன்று மின்கல விளக்கைப் பன்மடங்கு விஞ்சும் ஒளியைத் தருகின்றது.

2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டபோது இவ்விளக்குகளை வாங்காத வீடு அரிது. அதிலிருந்து எந்த விளக்கு நல்லது என்னும் பேச்சும் ஊரெங்கும் வளர்ந்தது. கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து விளக்கை எடுத்து, “ஐயா, இதைப் பாருங்கள்” என்று சுவரில் அடித்துக் காட்டாத இளைஞர் இல்லை எனலாம். எனக்கும் இதிற் சிறிது பைத்தியம் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை.

தேவகுவக் குளக்கட்டில் ஒருநாள் மாலைக் கூட்டம் முடிந்து இருட்டிய பின்னர் ஐந்து விளக்குகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பழைய தகர விளக்கு ஒன்று. ஈய மின்கலம் பொருத்திய, சுவரிற் செருகி மின்னேற்றும் பெரிய பிளாத்திக்கு விளக்கு ஒன்று. முகப்பை இழுத்து ஒளியைக் குவிக்கும் மலிவு விளக்கு ஒன்று. சிறு மின்கலம் ஒன்றால் எரியும் விரல் விளக்கு ஒன்று. இலிதியம் மின்கலத்தில் எரியும் அலுமினிய விளக்கு ஒன்று. கட்டின் ஓரத்து மருதமரமொன்று அறுபது அடி தூரத்திலும், மற்றொன்று நூற்றைம்பது அடி தூரத்திலும் நின்றன.

அருகில் உள்ள சுவரில் அடித்தபோது அலுமினிய விளக்கே வென்றது. தூர மரத்தில் அடித்தபோதோ இழுத்துக் குவிக்கும் மலிவு விளக்கு அதனோடு போட்டியிட்டது. இளைஞர் வியந்தனர். கலேவெலப் பக்கத்து மூத்த கமக்காரர் ஒருவர், யாவரும் நானா என்றழைப்பவர், தாமே அதனை வாங்கி மரத்தின் அடி, நடு, நுனி என மாறி மாறி அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் மரம் தெரிகிறது; மரத்துக்குப் பக்கத்தில் நிற்பது தெரியவில்லையே” என்றார். ஒளியளவுகளை விளக்க நான் ஆயத்தம் செய்துவைத்திருந்த பேச்சு அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியை லூமன் என்னும் அலகால் அளப்பர். ஒரு திசையில் அவ்வொளி எவ்வளவு செறிந்து செல்கின்றது என்பதைக் கண்டெலா என்னும் அலகால் அளப்பர். நீரின் அளவு ஒன்றேயாயினும் வாய்க்காலை ஒடுக்கினால் ஓட்டம் விசையாகும், அகட்டினாற் பரவும், ஒளியும் அவ்வாறே. லூமன் மிகுந்து கண்டெலா குறைந்த விளக்கு முற்றத்தையும் களத்தையும் நிறைக்கும். லூமன் குறைந்து கண்டெலா மிகுந்த விளக்கு ஒரு கோலைப் போலத் தூரம் செல்லும். பெட்டியிற் கடைக்காரர் காட்டும் எண் பெரும்பாலும் லூமன் மட்டுமே. இரண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

அமெரிக்க நியமமான எப்.எல்.1 என்பது 2009 இல் வகுக்கப்பட்டது. அதன்படி வீச்சுத் தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடமாகும். அது தெளிந்த வானத்துப் பூரணை நிலவின் ஒளியை ஒத்தது. கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரட்டித்தால் அத்தூரம் மீற்றரிற் கிடைக்கும். 10,000 கண்டெலா உடைய விளக்கின் வீச்சு 200 மீற்றர். 40,000 ஆனால் 400 மீற்றர். அதாவது தூரம் இரட்டிக்கச் செறிவு நான்கு மடங்காக வேண்டும். கண்ணும் ஏறக்குறைய இதே கணக்கிலேயே ஏமாறுகின்றது: 1,000 லூமன் விளக்கு 500 லூமன் விளக்கைவிட இருமடங்கு பிரகாசமாகத் தோன்றுவதில்லை, சிறிது மேலாகவே தோன்றும். ஆகவே அந்த வேறுபாட்டுக்காக இருமடங்கு பணம் கொடுப்பதன் முன் ஒருமுறை சிந்திக்க. நிலவொளியளவில் உருவம் தெரியுமேயன்றி விவரம் தெரியாது. அட்டையில் 200 மீற்றர் என்றிருந்தால் வேலைக்கு உதவும் தூரம் அதில் மூன்றிலொன்று எனக் கொள்க.

செறிவை வீட்டிலேயே அளக்கலாம். ஒளியளக்கும் செயலியை இக்காலக் கைத்தொலைபேசிகள் பலவற்றில் இறக்கிக்கொள்ள முடியும். இருண்ட இடத்திற் சரியாக 5 மீற்றர் தூரத்தில் விளக்கை வைத்து, ஒளியின் நடுப்பகுதியைத் தொலைபேசியின் முன்முகத்தில் விழச்செய்து, வரும் லக்ஸ் எண்ணை 25 ஆற் பெருக்குக. 400 லக்ஸ் காட்டினால் 10,000 கண்டெலா. மொத்த ஒளியை ஒப்பிட, சிறிய அறையொன்றை அடைத்து இருட்டாக்கி, விளக்கை நிலத்தில் வைத்து வெள்ளைக் கூரையை நோக்கி எரியவிட்டு, தொலைபேசியை ஒரே மூலையிற் கிடத்தி ஒவ்வொரு விளக்குக்கும் எண்ணைக் குறித்துக்கொள்க. தொலைபேசியின் எண் துல்லியமானதன்று. ஆயினும் ஒரே தொலைபேசியால் அளந்தால் எது கூடியது, எது குறைந்தது என்பது விளங்கும். எரியத் தொடங்கிய உடனே ஒருமுறையும், பத்து நிமிடத்தின் பின் ஒருமுறையும் அளத்தல் நன்று. சிறிய விளக்குகள் சூடேறியதும் தம்மைத் தாமே தணித்துக்கொள்வன. முதல் இரண்டு நிமிடத்தின் வீரத்தை நம்பி விளக்கு வாங்கலாகாது.

இனி, பொய் எண்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஒரு இலட்சம் லூமன் என்று அச்சிட்ட கையளவு விளக்கொன்றை நானும் ஒருகாற் சந்தையில் வாங்கினேன். நமது பழைய தகர விளக்கைவிட நல்லதாகத்தான் எரிந்தது. மூன்றாம் வாரம் அழுத்தி கழன்றது. அதன்பின் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும். 18650 எனப்படும் இலிதியம் மின்கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதன் கொள்ளளவு நல்லதொன்றில் 3,500 மில்லி அம்பியர்-மணி அளவினதே. 9,900 என்று எழுதியிருப்பின் அது பொய். 3.6 வோற்று அழுத்தத்தில் அதனுள் அடங்கும் சக்தி 12.6 உவாற்று-மணி. நல்ல இருவாயி ஒரு உவாற்றுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் எனக் கொண்டால், 1,000 லூமன் ஒளியை ஒன்றேகால் மணித்தியாலம் பெறலாம். 100 லூமன் ஒளியைப் பன்னிரண்டு மணித்தியாலம் பெறலாம். ஒரு இலட்சம் லூமன் வேண்டின் 1,000 உவாற்று வேண்டும். அஃது ஓர் இஸ்திரிப்பெட்டியின் வெப்பத்தைக் கையிற் பிடித்திருப்பதற்கு ஒப்பாகும். மின்கலமும் முக்கால் நிமிடத்தில் வற்றிவிடும். இக்கணக்கைத் தெரிந்த கமக்காரரை எந்த அட்டைப்பெட்டியும் ஏமாற்ற இயலாது.

எரியும் நேரத்திலும் ஒரு சூது உண்டு. மேற்சொன்ன நியமப்படி ஒளி முதலளவிற் பத்திலொன்றாகக் குறையும் வரையுள்ள காலமே எரியும் நேரமாகும். பத்து மணித்தியாலம் எரியும் என எழுதிய விளக்கு முதல் அரைமணி மட்டும் முழு ஒளியும் எஞ்சிய நேரம் மங்கிய ஒளியும் தரலாம். இரவு முழுவதும் காவலிருப்போர் நடுத்தர நிலையில் எத்தனை மணித்தியாலம் எரியும் என்பதையே கேட்க வேண்டும்.

வரப்பில் நடப்பதற்கு வேண்டிய ஒளி மிகச் சொற்பம். கண்ணாடி விரியன் போன்ற பாம்புகள் காலடியிற் கிடப்பன. அவற்றைக் காண 30 முதல் 50 லூமன் வரையிலான பரந்த ஒளி போதும். மண்வெட்டி பிடிக்கும் வேளையிலும் விடியுமுன் இறப்பர் பால் வெட்டும் வேளையிலும் தலையிற் கட்டும் விளக்கு இரு கைகளையும் விடுவிக்கும். ஆனால் இறிவர்ஸ்டன் பக்கத்து மூடுபனியில் அதுவே இடையூறாகும். கண்ணருகிலிருந்து செல்லும் ஒளி பனித்துளியிற் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவர்போல் நிற்கும். பனியில் விளக்கை இடுப்பளவிற் பிடித்து நிலத்தை நோக்கி அடிப்பதே முறை. நிறத்தையும் கவனிக்க. நீலம் பாய்ந்த வெண்ணொளி கண்ணுக்குக் கூடிய பிரகாசமாகத் தோன்றினும், காய்ந்த சருகின் மேற் கிடக்கும் பழுப்பு நிறப் பாம்பைச் சருகோடு சருகாக்கிவிடும். நிறங்களை உள்ளபடி காட்டும், சிறிது மஞ்சள் கலந்த ஒளியில் அது பிரிந்து தெரியும். இருட்டிற் பழகிய கண் முழுத் திறனை அடைய அரைமணி வரை செல்லும்; பரணிலிருந்து வலிய விளக்கைத் தேவையின்றி ஏற்றுபவன் தன் கண்ணையே குருடாக்குகின்றான்.

யானைக்கு எதிரே விளக்கை ஆயுதமாக எண்ணுதல் கூடாது. வெளிச்சத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நாளடைவிற் பழகிவிடும் விலங்கு அது. கருமையான அதன் உடல் ஒளியை விழுங்கிவிடுவதால், நல்ல விளக்கிலும் மரநிழலோடு கலந்து மறைந்து நிற்கும். கொப்பு முறியும் ஒலியைச் செவி முதலிற் கேட்கட்டும்; பரணை விட்டு இறங்குமுன் தூரவீச்சு விளக்கால் வழியின் இருபுறமும் மெதுவாகப் பார்த்துக்கொள்க. தனியே இறங்க வேண்டாம். கிட்ட நிற்கும் யானையின் கண்ணில் ஒளியைப் பாய்ச்சி விளையாடுதல் பேராபத்து.

உறுதியைப் பொறுத்தவரை, நியமத்தில் விழுகைச் சோதனை என ஒன்றுண்டு: குறைந்தது 1 மீற்றர் உயரத்திலிருந்து கொங்கிறீற்றுத் தரையில் ஆறு முறை வெவ்வேறு பக்கமாக விழச்செய்து, அதன்பின்னும் எரிய வேண்டும். பரணின் உயரம் அதனிலும் பன்மடங்கு. ஆகவே விளக்கைக் கயிற்றிற் கட்டிக் கையில் மாட்டிக்கொள்க. ஐ.பி.எக்ஸ்.4 என்பது மழைத்தூறலுக்கு மட்டும் தாங்கும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது 1 மீற்றர் நீரில் அரைமணி கிடந்தாலும் தாங்கும். வாய்க்கால் வேலைக்குப் பின்னையதே வேண்டும். திருகுமிடத்து இறப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் பசை சிறிது பூசுக. தேங்காயெண்ணெயும் இயந்திர எண்ணெயும் உதவா.

இலிதியம் மின்கலத்தை வெயிலில் நிற்கும் உழவியந்திரத்தின் இருக்கையில் விட்டுவைத்தலும், சில்லறைக் காசோடு சட்டைப்பையிற் போடுதலும் தீங்கு தரும். காசு இரு முனைகளையும் தொடுத்தாற் சூடேறித் தீப்பற்றும். உறை கிழிந்த அல்லது வீங்கிய மின்கலத்தை மின்னேற்றக் கூடாது. ஈய மின்கல விளக்கை வெறுமையாக மாதக்கணக்கில் வைத்தால் அது மீண்டும் உயிர்பெறாது. காவற்காலம் முடிந்த பின்னும் மாதம் ஒருமுறை மின்னேற்றுக. சிறு மின்கலங்களை வேலையில்லாக் காலத்திற் கழற்றி வைத்தால் அவை கசிந்து விளக்கை அரிக்கமாட்டா.

குளக்கட்டில் அன்றிரவு ஒப்பீடு முடிந்து புறப்படுகையில், நானா அந்த விரல் விளக்கை மட்டும் திரும்பவும் கேட்டு வாங்கி, தம் காலடியில் வட்டமாக அடித்துக்கொண்டு பத்தடி நடந்து பார்த்தார். வரம்பின் விளிம்பு, நண்டு வளை, காய்ந்த தட்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அதன் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், தூரத்துக்கு மகனுடைய விளக்கு இருக்கிறது, நடக்கத் தமக்கு இது போதும் என்று சொல்லி, சாரத்தின் மடியில் அதனை வைத்துப் பார்த்துவிட்டு உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்.