பரவைக்கடலில் ராடார்

மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடியும் ராடாருக்கு ஒரு பொருள்தான். மண்டைதீவுக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இடையே கிடக்கும் பரவைக்கடலில் தடி, வள்ளம், காற்றுக்கு எழும் சிற்றலை எல்லாமே ராடார் அலையைத் திருப்பி அனுப்பும். திரையில் அவை வெறும் புள்ளிகள். தொழிலுக்குப் போன வள்ளம் எது, ஆயுதம் ஏற்றியது எது என்று அது சொல்லாது.

கப்பல்களில் பரவலாக உள்ள ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர். போன அலை திரும்ப எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோசெக்கனுக்கும் 150 மீற்றர் என்று தூரத்தைக் கணக்கிடுவார்கள். இரும்புக் கப்பல் பளிச்சென்று தெரியும். கண்ணாடியிழைப் படகில் எஞ்சினும் ஆட்களும்தான் பெரும்பாலும் அலையைத் திருப்புவார்கள். பூமியின் வளைவு வேறு. 16 மீற்றர் உயரத்தில் சுழலும் அன்ரெனாவுக்கு, நீருக்கு மேல் ஒரு மீற்றரே தெரியும் படகு சுமார் 20 கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. கடல் எழும்பினால் கிட்ட வந்த படகும் அலைகளின் எதிரொலிக்குள் கரைந்துவிடும். விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் தற்கொலைப் படகுகள் நீரோடு ஒட்டினாற்போல் கட்டப்பட்டது சும்மா அல்ல.

ராடார் தன்னைப் போட்டவரையும் காட்டிக்கொடுக்கும், இருட்டில் ரோச் லைற் அடிப்பவரைப்போல. அதன் அலை போய்த் திரும்புவதற்குள் மிக மெலிந்துவிடும். எதிரியின் ஏற்பிக்கோ ஒருவழிப் பயணம்தான். ஆகவே ராடார் அவனைக் காணுமுன் அவன் ராடாரைக் கேட்டுவிடுவான். கேட்கும் காதும் அடைபடலாம். 1982 மே 4 அன்று போக்லாந்துப் போரில், பிரித்தானியக் கப்பல் ஷெஃபீல்ட் செய்மதி வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த அலைபரப்பே அதன் ஏற்பியைச் செவிடாக்க, ஆர்ஜென்ரீன விமானங்களின் ராடாரை அது கேட்கவில்லை. எக்சோசெற் ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தார்கள்.

இதெல்லாம் பெருங்கடல் வித்தை. 2006 ஆகஸ்ட் 11 இரவு புலிகள் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் வந்திறங்கியது சிறுபடகுகளில். இலங்கைக் கடற்படை நம்பிய மருந்தும் சிறுபடகுதான்: ‘அரோ’ படகுகளைக் கூட்டமாகக் கட்டி இறக்கியது.

கரையிலோ, புள்ளிகளைப் பிரித்தறிய முடியாத இடத்தில் படையினர் புள்ளிகளையே குறைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரவுத் தொழிலுக்குத் தடை, எஞ்சினுக்குக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகப் பாஸ். எந்தப் படகையும் மறைக்காத மீனவர்தான் இந்தக் கருவியின் குறைக்கு வருடக்கணக்காக வருமானத்தைக் கொடுத்தார்கள்.