நுண்துளைக்குள் நுழையும் டிஎன்ஏ

2015 ஏப்ரல். மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா இன்னும் ஓயவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோஷ் குவிக், கினியா நாட்டின் தலைநகர் கொனாக்ரியில் போய் இறங்கினார். அவர் விமானத்தில் கொண்டுபோன பெட்டிகளின் எடை 50 கிலோவைத் தாண்டவில்லை. ஆனால் அவற்றுக்குள் ஒரு மரபணு ஆய்வுக்கூடமே இருந்தது. அதன் உயிர்நாடி மினயான் என்ற கருவி: கைக்குள் அடங்கும், 100 கிராம்கூட இல்லை, லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகினால் வேலை செய்யும்.

அந்தக் கருவிகளைக் கொண்டு 142 நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து எபோலா வைரஸின் மரபணு வரிசை படிக்கப்பட்டது. மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் முடிவு தர முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் மாதிரியை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் வருவதற்குள் வைரஸ் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இத்தனை சிறிய கருவி எப்படி டிஎன்ஏவைப் படிக்கிறது?

யோசனை பழையது. 1989இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கார் ஓட்டிச் சென்றுகொண்டிருந்த டேவிட் டீமர் என்ற உயிர்வேதியியலாளருக்கு அது தோன்றியது; நோட்டுப் புத்தகத்தில் படமாக வரைந்து வைத்தார். ஒரு மெல்லிய சவ்வில் மிகச் சிறிய துளை. சவ்வின் இருபுறமும் உப்பு நீர், இடையே மின்னழுத்தம். துளை வழியே அயனிகள் பாய்வதால் மின்னோட்டம் உண்டாகும். ஒரு டிஎன்ஏ இழை அதற்குள் நுழைந்தால் வழி அடைபட்டு மின்னோட்டம் குறையும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் ஒரே அளவானவை அல்ல. ஆகவே எந்த எழுத்து உள்ளே இருக்கிறது என்பதை மின்னோட்டம் குறையும் அளவைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது டீமரின் கணக்கு.

துளைக்கு எங்கே போவது? அது நானோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரே மாதிரியாகத் துளை போடுவதில் மனிதரைவிட பாக்டீரியா கைதேர்ந்தது. நம் ரத்த சிவப்பணுக்களில் ஓட்டை போட ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பயன்படுத்தும் நச்சுப் புரதத்தை விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். 1996இல் டீமரும், டேனியல் பிராண்டனும், ஜான் கசியனோவிச்சும் அந்தத் துளைக்குள் மரபு இழைகள் நுழைவதைக் காட்டிவிட்டார்கள். பின்னாளில் மினயானுக்கு ஈ. கோலை பாக்டீரியாவின் புரதம் ஒன்று கைகொடுத்தது. நோய்க்கிருமியின் ஆயுதத்தில் தொடங்கிய வழி நோயறியும் கருவிக்குக் கொண்டுவந்ததில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் இழை படுவேகமாக ஓடியது. எழுத்துக்கு எழுத்து பிரித்தறிய முடியவில்லை. டிஎன்ஏவை அடியடியாக நகர்த்தும் நொதி ஒன்றைத் துளையின் வாயில் பிரேக் போலப் பொருத்திய பிறகுதான் வேகம் கட்டுக்குள் வந்தது. அப்படியும் நொடிக்கு சுமார் 450 எழுத்துகள்.

இங்கேதான் கணினி நுழைகிறது. பாதி வேலை அதனுடையது என்றே சொல்லலாம். துளைக்குள் ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டும் நிற்பதில்லை. ஏறக்குறைய ஐந்து எழுத்துகள் சேர்ந்து மின்னோட்டத்தைப் பாதிக்கின்றன. நான்கு எழுத்துகளை ஐந்து இடங்களில் அடுக்க 1,024 வழிகள் உண்டு. மினயானின் 512 தடங்களும் ஒரே நேரத்தில், தடத்துக்கு நொடிக்குச் சில ஆயிரம் அளவீடுகளைத் தருகின்றன. திரையில் தெரிவது மேலும் கீழும் துடிக்கும் கோடுதான். இதிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்க, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்காக உருவான நரம்பு வலைப்பின்னல் உத்திகளையே எடுத்தாண்டார்கள். ஆரம்பத்தில் பிழைகள் மலிந்திருந்தன; இன்று துல்லியம் 99 சதவீதத்துக்கு மேல். ஒரே எழுத்து வரிசையாக எட்டு, பத்து முறை வந்தால் மட்டும் இன்னும் தடுமாற்றம். மின்னோட்டம் மாறாமலே நிற்கும்போது எத்தனை எழுத்து கடந்தது என்று எண்ணுவது எளிதல்ல.

கினியாவில் குவிக் குழுவினரைப் படுத்தியதும் இந்தக் கணினிப் பாதிதான். அன்றைக்கு எழுத்தாக்கும் மென்பொருள் தொலைவில் உள்ள கிளவுட் கணினிகளில் இயங்கியது. கையில் இருந்ததோ தள்ளாடும் மொபைல் இணையம்.

வசதி படைத்த மருத்துவமனையிலும் கதை அதேதான், அளவுதான் வேறு. ஸ்டான்ஃபோர்டில் யூவன் ஆஷ்லி தலைமையிலான குழு, உயிருக்குப் போராடும் 12 நோயாளிகளின் முழு மரபணுத் தொகுதியையும் இதே முறையில், பெரிய இயந்திரத்தின் 48 சிப்புகளில் ஒரே நேரத்தில் படித்தது. 2022 ஜனவரியில் வெளியான அந்த ஆய்வில் ஐந்து பேருக்கு நோய்க்காரணம் தெரிந்தது. ஒருவருக்கு ஆன நேரம் 7 மணி 18 நிமிடம். தரவு வெள்ளத்தை ஆய்வுக்கூடக் கணினிகளால் சமாளிக்க முடியாமல் கிளவுடுக்குத் திருப்பிவிட்டார்கள். 1990இல் தொடங்கிய முதல் மனித மரபணுத் திட்டம் முடிய 13 ஆண்டுகள் பிடித்தன என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

மிகச் சுவையான பயன்பாடு நெதர்லாந்தில் நடந்தது. மூளைக்கட்டியை அறுக்கும் மருத்துவருக்கு ஒரு தர்மசங்கடம். எவ்வளவு வெட்டுவது? கொஞ்சம் விட்டால் கட்டி மறுபடி வளரலாம். கூடுதலாக வெட்டினால் பேச்சோ நடையோ போகலாம். கட்டி எந்த வகை என்று தெரிந்தால் முடிவெடுக்கலாம். ஆனால் உறுதியான பதில் வருவது அறுவை முடிந்து பல நாள் கழித்து. டிஎன்ஏவின் சி எழுத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் கட்டிக்குக் கட்டி வேறுபடும். அந்தக் குறியும் துளையைக் கடக்கும்போது மின்னோட்டத்தைச் சற்றே மாற்றும். இதைப் படித்து வகை சொல்ல ‘ஸ்டர்ஜன்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். பயிற்சிக்குப் போதுமான உண்மைத் தரவு இல்லாததால், ஏற்கெனவே இருந்த கட்டிகளின் மெத்தில் பதிவுகளிலிருந்து கணினியிலேயே போலித் தரவுகளை உண்டாக்கி அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

நோயாளி மேசையில் இருக்கும்போதே 25 அறுவைகளில் ஸ்டர்ஜனைச் சோதித்தார்கள். திசு கைக்கு வந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் 18 பேரின் கட்டி வகையைச் சரியாகச் சொன்னது. மற்ற ஏழு பேர் விஷயத்தில் அதன் நம்பிக்கை மதிப்பு, முன்பே வகுத்த எல்லையைத் தொடவில்லை. ஆகவே அது எந்தப் பெயரையும் முன்வைக்கவில்லை. மண்டை திறந்திருக்கும் நேரத்தில், மருத்துவரைத் தவறான பக்கம் இழுக்காமல் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்ததுதான் 18 என்ற எண்ணைவிட ஸ்டர்ஜன் மீது மதிப்பு வர வைக்கிறது.