ஓர் ஆண்டு, பன்னிரண்டு நூல்கள்

நுழையுமுன்

‘இவ்வாண்டில் இத்தனை நூல்களை வாசித்து முடிப்பேன்’ எனப் புத்தாண்டு நாளில் உறுதி பூணுவோர் பலர். அவ்வாறு வாசித்த ஒருவரின் பட்டறிவை இப்பாடம் கூறுகிறது.



ஆண்டு வாசிப்பு என்பது எளிய ஏற்பாடு. தொடக்கத்திலேயே நூல்களின் எண்ணிக்கையை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு நூலை முடித்தவுடன் அதன் பெயர், ஆசிரியர் பெயர், முடித்த நாள் ஆகியவற்றோடு நம் கருத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். திங்களுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நூல்கள் என நான் வகுத்துக்கொண்டேன். எந்த மொழி நூலாகவும் இருக்கலாம். ஆனால், நான்கேனும் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது நானே விதித்துக்கொண்ட நெறி. அவ்வாண்டுக் குறிப்பேட்டிலிருந்து மூன்று நூல்களைப் பற்றிய எண்ணங்களை இங்குத் தருகிறேன்.

பிரேம்சந்தின் சிறுகதைகளை இந்தியில் வாசித்தேன். அவற்றுள் ‘ஈத்கா’ நீங்களும் அறிந்த கதையாக இருக்கலாம். பெற்றோரை இழந்த சிறுவன் ஹமீது, மூன்று பைசாவுடன் ஈகைத் திருநாள் சந்தைக்குச் செல்கிறான். நண்பர்கள் மண்பொம்மைகளும் இனிப்புகளும் வாங்குகின்றனர். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல்கள் சுட்டுக்கொள்வதை நினைத்து, அவன் ஓர் இடுக்கியை வாங்கி வருகிறான். ‘அவனுக்கும் இனிப்பின்மேல் ஆசை இருந்தது. ஆசையை வென்றதனால்தான் அவன் உயர்ந்தவன்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

இரண்டாவது நூல், டெட்சுகோ குரோயனாகி எழுதிய ‘டோட்டோ-சான்’. 1981ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இந்நூலை நான் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தேன். ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, இரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட வேறொரு பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளன்று நான்கு மணி நேரம் அவளுடைய பேச்சைச் செவிமடுக்கிறார். அப்பள்ளி 1945இல் போர் விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. கட்டடம் அழிந்தது, பொறுமையோடு கேட்ட ஆசிரியரின் நினைவோ ஒரு நூலாக வாழ்கிறது.

மூன்றாவது, உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தமிழ்நாட்டிற்கு வெளியே வளர்ந்த எனக்கு இந்நூல் எளிதாக இல்லை. ஒரு பக்கத்தைக் கடக்கப் பலமுறை அகராதியை நாட வேண்டியிருந்தது. ஆயினும் ஒரு பகுதி எனக்கு ஊக்கமளித்தது. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், தாம் கற்ற நூல்களை எடுத்துரைத்த ஐயரிடம் சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஐயர் அதுவரை அந்நூலைக் கற்றதில்லை. பின்னர் அதனைக் கற்கத் தொடங்கினார். விளங்காத செய்திகளைச் சமணப் பெருமக்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் பதிப்பித்தும் வெளியிட்டார். பெரும் புலவரே பிறரிடம் பொருள் கேட்டுக் கற்றார் எனில், நாம் கேட்கத் தயங்கலாமா?

நம்முள் பலர் தமிழைத் தடையின்றிப் பேசுவர். நூலை விரித்தால் எழுத்துக்கூட்டி வாசிப்பர். வீட்டில் ‘இருக்கு’ என்கிறோம். நூலில் ‘இருக்கிறது’ என்று உள்ளது. இவ்வேறுபாட்டால் தயங்கி நின்றுவிட்டால், ஊரிலிருந்து தாத்தா எழுதும் மடலையும் பிறர்தாம் நமக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நாள்தோறும் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். அறியாத சொல்லைப் பெற்றோரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிடில் இருவரும் சேர்ந்து அகராதியைப் பாருங்கள்.

சீர்காழியில் பிறந்து சென்னை, வாரணாசி, தில்லி ஆகிய நகரங்களில் பணியாற்றிய நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகளுள், ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பதை வலியுறுத்தினார். உங்களுக்குரிய நூல் படக்கதையாகவும் இருக்கலாம், அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஆண்டின் இறுதியில் என் குறிப்பேட்டில் பதினொரு நூல்களே இடம்பெற்றிருந்தன. ‘என் சரித்திரம்’ இரண்டு திங்களை எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு திங்களில் கற்ற சொற்களே அவ்வாண்டு எனக்குக் கிடைத்த பெருஞ்செல்வம்.

அருஞ்சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
திங்கள் – மாதம்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்
மடல் – கடிதம்

பயிற்சி

1. ஹமீது இடுக்கி வாங்கியது ஏன்?
2. சாமிநாதையர் தம் ஐயங்களை எவ்வாறு தெளிந்தார்?
3. நீங்கள் பிறமொழியில் வாசித்த நூல் ஒன்றைப் பற்றித் தமிழில் ஐந்து தொடர்கள் எழுதி, வீட்டில் வாசித்துக் காட்டுக.